பக்கத்து வீட்டு ஸ்பீக்கர்

தனக்கென்று, தன் காதுக்கென்று, ஒரு பொருள் இருந்தே தீர வேண்டும் என்று சிரில் முடிவெடுத்தான். முடிவெடுத்த மறு நிமிடமே அவனுக்குக் குப்பென்று வியர்த்தது. மனைவி ஜெனவீவைக் கேட்காமல் அவன் எடுத்த முடிவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களையும் அவள் பிறகு ஒவ்வொன்றாக மடக்கியிருக்கிறாள்.

அதற்காகச் சிரிலைக் கோழை என்று சொல்லிவிடக் கூடாது. குருண் ஊரில் அவன் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் மேனேஜரிடமே குரலை உயர்த்திப் பேசியவன். அவர்கள் குடியிருக்கும் தாமானுக்குள், அந்த வீட்டு வரிசைகளுக்குள், மலைப்பாம்பு புகுந்த அன்று எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டபோது, துடைப்பத்தோடு வெளியே நின்றவன் அவன் ஒருவன்தான். துடைப்பத்தைக் கையில் கொடுத்து வெளியே தள்ளியவள் ஜெனவீவ். பாம்பா, ஜெனவீவா என்று வந்தபோது அவன் யோசிக்காமல் பாம்பின் பக்கம் போனான்.

எல்லாம் கேரல் குழுவால் வந்த வினை. கோயில்பற்றின் கிறிஸ்துமஸ் கேரல் குழுவுக்கு ஜெனவீவ்தான் தலைவி. டிசம்பர் பிறந்தால் வீடு வீடாக, சுற்றுவட்டாரத் தோட்டங்கள் வரைக்கும் போய்ப் பாடுவார்கள். போன வருடம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், பாட்டு பாதியில் இருக்கும்போது, குழுவின் பழைய ஸ்பீக்கர் விக்கி விக்கி உயிரை விட்டது. பின்னணி இசை போனதும் ஆளுக்கொரு சுருதியில் பாட ஆரம்பித்தார்கள். பாலன் பிறந்த சந்தோஷச் செய்தியைக் கேட்டு லயத்து நாய்கள் எல்லாம் வானத்தைப் பார்த்து அழுதன.

“ஏங்க, இன்னிக்கு சுங்கைப்பட்டாணி டவுனுக்குப் போறீங்கல்ல? ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிட்டு வாங்க. நல்லா சத்தம் வர்றதா பாத்து.”

“சரி. எது நல்ல சத்தம்னு எனக்குத் தெரியாதா?”

“தெரியாது. அதான் சொல்றேன், கேளுங்க. பாட்டு போட்டுப் பாக்காதீங்க. கடைக்காரன் போடுற பாட்டு எந்தப் பெட்டியிலயும் நல்லாத்தான் இருக்கும். மனுசன் பேசுறதப் போட்டுப் பாருங்க. சத்தத்தக் குறைச்சு வச்சிட்டு, கொஞ்சம் தள்ளிப் போயி நில்லுங்க. அப்பவும் வார்த்தை வார்த்தையா விளங்கினா அதான் நல்ல பெட்டி. ஒரு கையில தூக்குற மாதிரி இருக்கணும். மழை பட்டா சாகக் கூடாது.”

“யாரு பேசுறதப் போட்டுப் பாக்குறது?”

“நான்தான். இப்பவே அனுப்பிட்டேன், பாருங்க.”

சட்டைப் பையில் போன் நடுங்கியது. சிரிலும்தான்.

சுங்கைப்பட்டாணிக் கடையில் ரவிச்சந்திரன் என்ற விற்பனையாளர் ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்து வைத்தார். தண்ணீர் போத்தல் அளவுதான் இருந்தது. சிரில் போனை இணைத்து, மனைவி அனுப்பிய குரல் பதிவைத் தட்டினான்.

“ஏங்க! கடையில பராக்குப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க!”

ரவிச்சந்திரன் சட்டென்று நிமிர்ந்து நின்று மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவ்வளவு தெளிவு. சிரில் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டிகள் அடுக்கிய கோடிக்குப் போய் நின்றான். அங்கேயும் குரல் தேடிக்கொண்டு வந்தது.

“தள்ளிப் போகச் சொன்னேன்ல? போயிட்டீங்களா?”

“போயிட்டேன், போயிட்டேன்,” என்று சிரிலின் வாய் தானாகப் பதில் சொன்னது. ஜெனவீவ் தோளுக்குப் பின்னால் நிற்பதுபோலவே இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்துக்கொண்டான். நல்ல பெட்டிதான், சந்தேகமே இல்லை. அதுதான் சங்கடம்.

“அண்ணே, இது சின்னப் பிள்ளைங்க சாமான்,” என்றார் ரவிச்சந்திரன், மெதுவாக. “ஆம்பளைன்னா இதக் கேட்டுப் பாருங்க.”

அவர் காட்டியது இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அடியில் சக்கரம், முகத்தில் ஓடி ஓடி நிறம் மாறும் விளக்கு. சிரில் பயந்துகொண்டே அதே பதிவை அதில் போட்டான். பூம் என்றது. மறுபடியும் பூம், பூம் பூம் என்றது. மேசையில் இருந்த சாவிக்கொத்து ஆடியது. ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. சிரில் கிட்டே போய்க் காதை வைத்துக் கேட்டான். ஜெனவீவ் என்னவோ சொல்கிறாள், என்ன சொல்கிறாள் என்றுதான் தெரியவில்லை. கல்யாணம் ஆன நாள் முதல் இப்படி ஒரு நிம்மதியை அவன் அனுபவித்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது.

பிறகு ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டான். தவில் அடி ஒவ்வொன்றும் நெஞ்சுக்குள் வந்து இறங்கியது. அங்கேயேதான் அந்தப் பெரிய முடிவு பிறந்தது. சின்னது வீட்டுக்கு, பெரியது தனக்கு. இரண்டையும் வாங்கிக் காரில் ஏற்றினான்.

வடக்கு ரோட்டில் திரும்பி வரும்போது ஜெராய் மலை வழி முழுக்கக் கூடவே வந்தது. யாரோ எட்டிப் பார்ப்பதுபோல் சிரிலுக்குத் தோன்றியது. பெட்டியை எங்கே வைப்பது? வண்டியை ஓரமாக நிறுத்தி, பின்பக்கத்தில் கிடந்த பழைய போர்வையை எடுத்து அதன்மேல் போர்த்தினான். போர்வைக்குள் விளக்கு தானாக எரிந்து அணைந்தது. எப்படியோ கை பட்டிருக்கிறது. பின்னால் வந்த போலீஸ் வண்டி முந்திப் போகும்வரை அவன் மூச்சே விடவில்லை.

கடைசியில் பக்கத்து வீட்டுத் தர்மலிங்கம்தான் கைகொடுத்தார். வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். அவர் ஒரு கம்பெனியில் போர்க்லிப்ட் ஓட்டுபவர், நல்ல மனிதர், சிரிலைப்போலவே வீட்டில் பயந்து நடப்பவர். பின் சந்தில் வைத்துப் பெட்டியைக் கைமாற்றினார்கள்.

“அண்ணே, உங்க வீட்டு ஹால்லயே இருக்கட்டும். நீங்களும் கேளுங்க, நானும் அப்பப்ப வந்து கேக்குறேன். யாரு கேட்டாலும் உங்களுதுன்னு சொல்லிடுங்க.”

“போலே, தம்பி, போலே, செஞ்சிடலாம். ஆனா பிரேமாகிட்ட என்ன சொல்றது? வாங்கினேன்னு சொன்னா தோல உரிச்சிடுவா லா.”

“உங்க கம்பெனி எனுவல் டின்னர் முடிஞ்சிருச்சில்ல? லக்கி ட்ராவுல விழுந்துச்சு, இப்பத்தான் குடுத்தாங்கன்னு சொல்லுங்க.”

தர்மலிங்கம் சிரிலை மரியாதையோடு பார்த்தார். இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு இந்தத் தம்பி ஏன் இப்படிப் பயந்து சாகிறான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வீட்டில் ஜெனவீவ் சின்ன ஸ்பீக்கரைச் சோதித்தாள். சத்தத்தைக் குறைத்தாள், வாசல்வரை போய்க் கேட்டாள், குழாயடியில் காட்டித் தண்ணீர் தெளித்தாள். “பரவாயில்லையே, ஒழுங்கா வாங்கிருக்கீங்களே,” என்றாள். அந்தப் பாராட்டு சிரிலுக்கு முள்ளாகக் குத்தியது. அதே சமயம் சுவருக்கு அப்பாலிருந்து பூம் பூம் என்று ஆரம்பித்தது. சுவரில் மாட்டியிருந்த திரு இருதயப் படம் லேசாக அதிர்ந்தது.

“அண்ணன் வீட்டுல என்னங்க இடிக்குது?”

“அதுவா? ஸ்பீக்கராம். லக்கி ட்ராவுல விழுந்துச்சாம்.”

“அப்படியா?” என்றாள் ஜெனவீவ்.

அவள் அப்படியா என்று கேட்டதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அன்று முழுக்க அந்த அப்படியா சிரிலின் காதில் ரீங்காரம் இட்டுக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் நல்ல வாய்ப்பு அமைந்தது. ஜெனவீவ் கேரல் பயிற்சிக்குப் போனாள். தர்மலிங்கத்தின் மனைவி பிரேமாவதி காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனார். சிரில் பின் சந்து வழியாகத் தர்மலிங்கம் வீட்டுக்குள் நுழைந்து, போனை இணைத்து, சோபாவில் சாய்ந்தான். இரண்டு ஆண்களும் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்கள். எத்தனை பாட்டு ஓடியதோ தெரியாது. திடீரென்று முன் கேட் கிறீச்சென்றது.

“ஐயோ தம்பி, பிரேமா!”

சிரில் பாட்டை நிறுத்தினான். அடுப்படி வழியாகப் பாய்ந்து, பின் சந்தில் ஓடி, தன் வீட்டு அடுப்படிக்குள் புகுந்து, கதவைச் சாத்தி, மூச்சு வாங்கினான். தப்பித்தாயிற்று. பாட்டை நிறுத்தினானே ஒழிய, இணைப்பைத் துண்டிக்க அவனுக்குத் தோன்றவில்லை. இடையில் இருப்பது ஒரு செங்கல் சுவர். புளூடூத்துக்கு அது ஒரு தடையே இல்லை.

அவனுக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. பிரேமாவதி தனியாக வரவில்லை. பயிற்சி சீக்கிரம் முடிந்து வந்த ஜெனவீவை வழியில் பார்த்துத் தன் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கக் கூட்டி வந்திருந்தார்.

சிரில் கையிலிருந்த போன் அதிர்ந்தது. திரையில் ஜெனவீவ் பெயர். ஆனால் மணிச் சத்தம் கையிலிருந்து வரவில்லை, சுவருக்கு அப்பாலிருந்து வந்தது. அதுவும் என்ன சத்தம்? மனைவி அழைத்தால் உடனே தெரிய வேண்டும் என்று அவளுக்கு மட்டும் தனியாக அவன் ஆம்புலன்ஸ் சங்கு வைத்திருந்தான். தர்மலிங்கம் வீட்டு ஹாலில் ஆம்புலன்ஸ் அலறியது. தாமானே எழுந்துகொள்ளும் அலறல்.

எடுக்கிற பொத்தானை அழுத்தினான்.

“ஹலோ?”

போனில் ஒன்றும் கேட்கவில்லை. சுவர் பேசியது.

“பூம் பூம்? பூம் பூம் பூம்!”

வார்த்தை விளங்கவில்லைதான். ஆனால் இத்தனை வருடம் கூட வாழ்ந்தவனுக்குத் தாளம் போதாதா? ஏங்க, எங்க இருக்கீங்க என்பதன் தாளம் அது. சிரில், “குளிச்சுக்கிட்டு இருக்கேன்,” என்று யாருக்கும் கேட்காமல் சொல்லிவிட்டு, போனை அணைத்து, அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினான். அதோடு பயம் தீரவில்லை. டப்பாவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

ஜெனவீவ் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். டப்பாவின் மேல் உட்கார்ந்திருக்கும் கணவனைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயங்கரம். அவள் திட்டினால் எப்போது முடியும் என்று சிரிலுக்கு ஓரளவு கணக்கு உண்டு. பேசாமல் இருந்தால் எங்கே தொடங்கும் என்றே தெரியாது.

மறுநாள் ஆட்டுக்கறிப் பெரட்டல் வைத்தாள். அவனுக்கு ரொம்பப் பிடித்தது. எலும்பில்லாத துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தாள். சிரில் அதைத் தட்டுக்குள்ளேயே இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டிருந்தான். தூக்குக்குப் போகிறவனுக்குத்தான் கேட்டதெல்லாம் சமைத்துப் போடுவார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தான். ஆம்புலன்ஸ் சங்கை மாற்றிப் புல்லாங்குழல் வைத்தான். அவளுக்குப் புளூடூத் பற்றி என்ன தெரியும் என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிப் பார்த்தான். கேரல் குழுவில் எல்லாருடைய போனையும் இணைத்துக் கொடுப்பவள் அவள்தான் என்பது நினைவுக்கு வந்ததும் அந்தத் தைரியமும் போய்விட்டது.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தபோது, பின் சந்தில் தர்மலிங்கம் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஈ ஆடவில்லை.

“தம்பி, மோசம் போயிட்டோம். பிரேமா அந்தப் பெட்டியக் கோயிலுக்குக் குடுக்கப் போறா.”

“என்னது? எந்தக் கோயிலு?”

“நம்ம தாமான் மாரியம்மன் கோயிலுதான். மார்கழி பிறக்குதுல்ல, விடிகாலை திருவெம்பாவைப் பாட்டுக்கு. சும்மா வந்த பொருள வீட்டுல வச்சுக்கக் கூடாதாம். அதிர்ஷ்டத்துல வந்தது முதல்ல சாமிக்குத்தான் போகணுமாம். லக்கி ட்ரான்னு சொல்லச் சொன்னது நீதான லா!”

“அண்ணே, அது என் பெட்டி! அக்காகிட்ட உண்மையச் சொல்லிடுங்க!”

“சொல்லலாம். ஆனா அவ சாமிக்குன்னு நேந்துட்டாளே. இப்ப போயி பொய் சொன்னேன்னு சொன்னா, அவகிட்ட நான் தப்பிச்சாலும் ஆத்தாகிட்ட தப்பிக்க முடியுமா? நீ ஒன்னு செய்யி. நீ போயி உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. அவங்க வந்து கேட்டா பிரேமா குடுத்துடுவா.”

சிரில் நெஞ்சை நிமிர்த்தினான். சரி, சொல்லிவிடுவது. மிஞ்சிப் போனால் என்ன செய்துவிடுவாள்? அந்தக் கேள்விக்கு நிறையப் பதில்கள் தோன்ற ஆரம்பித்ததும், யோசிப்பதை நிறுத்திவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தான். ஜெனவீவ் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

“ஜெனி, ஒரு விஷயம் சொல்லணும்.”

“சொல்லுங்க.” கத்தியை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தாள்.

“நேத்து வச்ச பெரட்டல்ல... உப்பு கரெக்டா இருந்துச்சு.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“நானும் ஒன்னு சொல்லணும். பிரேமா அக்கா அந்த ஸ்பீக்கரக் கோயிலுக்குக் குடுக்குறாங்க. நான்தான் சொன்னேன். அன்னிக்கு அவங்க வீட்டுல தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கும்போது சொன்னேன், ‘சும்மா வந்த பொருளு, சாமி கண்ண விட்டு ஏன் மறைச்சு வைக்கிறீங்க’ன்னு. தப்பா?”

“தப்... தப்பில்ல.”

“நம்மளுதா இருந்தா அது வேற கதை. நம்ம காசு போட்டு வாங்கினதுன்னா நாமளே வச்சிருப்போம். நானே உங்கள ஹால்ல உக்கார வச்சுப் பாட்டு போட்டுக் குடுத்திருப்பேன்.” கத்தி நின்றது. “நம்மளுது இல்லையே, என்னங்க?”

இதுதான் சந்தர்ப்பம். ஒரு வார்த்தை போதும். சிரில் வாயைத் திறந்தான். பெட்டி கண் முன்னால் வந்தது, அதன் விளக்கு வந்தது, தவில் வந்தது. அதற்கெல்லாம் முன்னால் ஜெனவீவின் புருவம் வந்தது. ஒரு புருவம் மட்டும் மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“இல்ல! நம்மளுது எப்படி? அண்ணனுதுதான். சத்தியமா அண்ணனுது.”

“சத்தியமெல்லாம் எதுக்கு? நான் கேட்டேனா?” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் வெங்காயத்துக்குப் போனாள். சிரிலின் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிரேமாவதி இவர்களையும் அழைத்திருந்தார். தர்மலிங்கத்துக்கு முதுகுப் பிடிப்பு. பயத்தில் வந்த பிடிப்பாகவும் இருக்கலாம். ஆகவே பெட்டியைக் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போகிற வேலை சிரிலுக்கு வந்தது. படியில் சக்கரம் ஏறாததால் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் மண்டபத்தில் வைத்தான். வைத்த பிறகும் சிறிது நேரம் கையை எடுக்கவில்லை. பூசாரி குங்குமம் வைத்தார், மாலை போட்டார். கட்டிய மனைவி கண்ணெதிரில், சொந்தப் பெட்டிக்கு மாலை விழுவதைப் பார்க்கச் சிரிலுக்குப் பொறுக்கவில்லை.

கோயில் தலைவர் பக்கிரிசாமி மைக்கைப் பிடித்தார். “இந்தக் காலத்துல கையில வந்தத யாரும் விட மாட்டாங்க. நம்ம தர்மலிங்கம் விட்டிருக்காரு! பெரிய மனசு! எல்லாரும் கை தட்டுங்க!”

தர்மலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் சிரிலைப் பார்க்காமல் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். சிரில் கை தட்டினான். பக்கத்தில் இருந்த ஜெனவீவ் அவனைவிட நன்றாகத் தட்டினாள்.

“என்ன மனுசன் பாருங்க,” என்று அவள் மெதுவாகச் சொன்னாள். “நீங்களும் இருக்கீங்களே. இந்தக் கோயிலுக்கு ஒரு ஊதுபத்தி வாங்கிக் குடுத்திருப்பீங்களா?”

சிரில் மாலை விழுந்த பெட்டியை ஒருமுறை பார்த்தான். போனது போகட்டும், வெளியே தெரியாமல் தப்பித்தோமே என்று மனதைத் தேற்றிக்கொண்டான். முதல் முறையாக அவன் நெஞ்சு சற்று அடங்கியது. ஜெனவீவுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு நேரம் சும்மா இருப்பாளா?

பக்கிரிசாமி இன்னும் மைக்கை விடவில்லை. “ஒரு சின்ன சூசா, ஒரு சிக்கலு இருக்கு. கோயில்ல வச்சா ராத்திரி திருட்டுப் போயிடும். மாசம் முழுக்க விடிகாலை அஞ்சு மணிக்கு முன்னால தூக்கிட்டு வந்து, போன இணைச்சுப் பாட்டு போட்டு, முடிஞ்சதும் திருப்பி எடுத்துட்டுப் போக ஒரு ஆளு வேணும். தர்மலிங்கத்துக்கு முதுகு சரியில்ல. யாராச்சும் இருக்கீங்களா?”

கூட்டம் தரையைப் பார்த்தது. சிரிலும் தரையைப் பார்த்தான். அவன் பக்கத்தில் ஒரு கை, வளையல் குலுங்க, உயரமாக எழும்பியது.

“எங்க வீட்டுக்காரரு இருக்காரு, தலைவரே,” என்றாள் ஜெனவீவ். “தர்மலிங்கம் அண்ணன் பெட்டியத் தன் சொந்தப் பெட்டி மாதிரி பாத்துக்குவாரு.”